குழந்தைக்கு மயக்க மருந்து... பயப்படணுமா?

அகரத்தில் ஒரு பச்சைக் குழந்தைக்கு மூளையிலோ முதுகுத்தண்டிலோ ஆபரேஷன் என்றால் வீட்டுப் பெரியவர்களின் முதல் கேள்வி, "மயக்க மருந்து கொடுத்தா புத்தி மந்தமாயிடுமா?" என்பதுதான்.

கேள்வி நியாயமானதே. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகமே 2016-ல் எச்சரித்தது.

அப்படியானால் சிசேரியனுக்குப் போடுவது போல முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தால் போதாதா? குடலிறக்க ஆபரேஷன் செய்த 722 குழந்தைகளிடம் இரண்டையும் 7 நாடுகளில் ஒப்பிட்டார்கள். 2019-ல் வந்த முடிவு: ஐந்து வயதில் புத்திக்கூர்மையில் வித்தியாசமே இல்லை! ஆனால் அது பெரும்பாலும் ஒரு மணி நேர மயக்கம்.

மூளை ஆபரேஷன் மணிக்கணக்கில் போகும். விழித்திருக்கும் குழந்தை அசையாமல் படுக்குமா? தலைத்தோலில் போடும் ஊசி வலியைக் குறைக்கும். முழு மயக்கத்துக்குத் துணை, மாற்று அல்ல. முதுகெலும்பு மூடாமல் பிறந்த சில குழந்தைகளுக்குத்தான் முதுகு ஊசியிலேயே ஆபரேஷன் நடந்திருக்கிறது. அங்கும் எதிரி தாமதம்தான். திறந்த முதுகைச் சுமார் 72 மணி நேரத்துக்குள் மூடாவிட்டால் கிருமித்தொற்று அபாயம் கூடும்.

எனவே, "மயக்கம் வேண்டாம்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவதுதான் பெரிய ஆபத்து. "எவ்வளவு நேரம்? கூடவே ஊசியும் போடலாமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பயத்தைவிடக் கேள்வி நல்லது.