எரிஞ்சால் தெரியும், பிழை விட்டால் தெரியாது

போன எபிசோடுக்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "அண்ணா, ஓவர்க்ளொக் பண்ணினால் சிபியூ எரிஞ்சு போகுமா?"

பெரும்பாலும் எரியாது. 95, 100 பாகை செல்சியஸைத் தொட்டால் இன்றைய சிப் தானாகவே வேகத்தைக் குறைக்கும். சூடு இன்னும் ஏறினால் நிண்டுவிடும். நான் பயப்பிடுறது வேற ஒண்டுக்கு: எரியாமல், நிற்காமல், சத்தமில்லாமல் பிழையாகக் கணக்குப் போடுற சிபியூவுக்கு.

செயின்ட்-மிஷேலில் எங்கட வீட்டில ஒரே ஒரு டெஸ்க்டொப். என்ர கேம், தங்கச்சியின்ர செஜெப் அசைன்மென்ட், அம்மாவின்ர வரிக் கடிதங்கள், அப்பம்மாவின்ர பழைய படங்கள், எல்லாம் அதுக்குள்ளதான். ஒரு பெப்ரவரியில், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைச்சுக்கொண்டு, 200 மெகாஹேர்ட்ஸ் கூட்டினன். அரை மணித்தியாலம் டெஸ்ட் ஓடிச்சு, சரியாக இருந்தது. யூலையில், ஏசி இல்லாத அதே அறையில, படங்களை ஒரு சிப் ஃபைலாகச் சுருக்கிப்போட்டு ஒரிஜினல்களை அழிச்சன். பிறகு திறந்தால் சில படங்கள் திறக்கவே இல்லை. அப்பம்மா இப்ப இல்லை. அந்தப் படங்களும் இல்லை.

இது என்ர வீட்டுக் கதை மட்டும் இல்லை. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் சிப்புகளில் என்ன நடந்தது எண்டு பாருங்கோ. அளவுக்கு மீறிய வோல்டேஜால் பல சிப்புகள் மெல்ல மெல்லக் கெட்டன. கேம் திறக்கேக்க "வீடியோ மெமரி போதாது" எண்டு செய்தி வரும். சனம் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டது. உண்மையில் பிழை விட்டது சிபியூ. 2024 ஓகஸ்ட்டில் இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது, வாரன்டியையும் இரண்டு வருசம் நீட்டியது. அவர்களில் கனபேர் பயோஸுக்குள் கையே வைக்காதவர்கள்.

1998இல் 300 மெகாஹேர்ட்ஸ் செலரோன் 300ஏ சிப்பை 450க்கு ஓட்டினார்கள். அரைவாசி வேகம் சும்மா கிடைத்தது. இப்ப அப்பிடி மிச்சம் இல்லை. இருக்கிற வேகத்தில் பெரும்பங்கைக் கொம்பனியே டர்போ எண்ட பெயரில் எடுத்துவிடுகிறது. நாங்கள் சண்டை பிடிக்கிறது கடைசி ஒரு சில வீதத்துக்கு.

அதுக்காக ஓவர்க்ளொக் பண்ணாதேங்கோ எண்டு நான் சொல்லேல்லை. ஒழுங்காகப் பண்ணுங்கோ எண்டுதான் சொல்லுறன்.

முதலில் படங்கள், அசைன்மென்ட் எல்லாத்தையும் வெளி டிரைவில் கொப்பி எடுங்கோ. பயோஸைப் புதுப்பியுங்கோ. வோல்டேஜை "ஓட்டோ"வில் விடாதேங்கோ. நீங்கள் வேகத்தைக் கூட்டினால் போர்ட் தன்பாட்டில தேவைக்கு மேலே வோல்டேஜ் குடுக்கலாம். சிப் இழுக்கிற மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் 10 வீதம் கூட்டினாலே சூடு கிட்டத்தட்ட 21 வீதம் கூடும். ஒவ்வொரு முறையும் 100 மெகாஹேர்ட்ஸ்தான் கூட்டுங்கோ, ஒவ்வொரு முறையும் டெஸ்ட் பண்ணுங்கோ.

டெஸ்டுக்குப் பிரைம்95 நல்லது. அது பெரிய பகா எண்களைத் தேட எழுதின புரோகிராம். அதன்ர டெஸ்ட் சிபியூவைச் சூடாக்கிறதோட நிற்காமல், வந்த விடை சரியோ எண்டும் பார்க்கும். அரை மணித்தியாலம் போதாது, இரவு முழுக்க விடுங்கோ. மொன்றியல் பெப்ரவரியில் பாஸான மெஷினை யூலையில் திரும்பவும் சோதியுங்கோ. ஒண்டை மறக்காதேங்கோ: ராமுக்கு எக்ஸ்எம்பி போடுறதும் ஓவர்க்ளொக்தான். அதுக்கு மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கோ.

கடைசியாக, என்ர அபிப்பிராயம். மெஷின் உங்கட அறையில, உங்கட காசில, உங்கட கேமுக்கு மட்டும் எண்டால் உங்கட விருப்பம். வீட்டில எல்லாரும் பாவிக்கிற மெஷின் எண்டால் கை வைக்காதேங்கோ. நாலு ஃபிரேம் கூட வந்ததை நான் மட்டும்தான் கண்டன். போன படங்களை அம்மா இன்னும் கேக்கிறா.

எங்கட மெஷின் இப்ப கொம்பனி வேகத்திலதான் ஓடுது. அடுத்த கிழமை சந்திப்பம்.