'வரும்போது'ன்னா ஒண்ணு, 'வந்தால்'ன்னா இன்னொண்ணா?

'அவன் வரும்போது டீ கொடுக்கலாம்.' 'அவன் வந்தால் டீ கொடுக்கலாம்.' இந்த ரெண்டு வாக்கியத்துக்கும் நம்ம கேன்டீன்ல ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆள் வந்தாச்சு, டீ உண்டு. அவ்வளவுதான்.

யு-கி-ஓ கார்டு கேம்ல இது ரெண்டும் வேற வேற விதி. முதல் வாக்கியப்படி, அவன் வந்து பெஞ்சுல உட்கார்ந்துட்டான்னா டீ கிடையாது. ஏன்னா கடைசியா நடந்தது 'உட்கார்ந்தது'. 'வந்தது' பழைய கதை. ரெண்டாவது வாக்கியப்படி, அவன் வந்து, உட்கார்ந்து, செருப்பைக் கழட்டி வெச்சாலும் டீ உண்டு.

இதுக்கு ஆடுறவங்க வெச்ச பேர் 'மிஸ்ஸிங் த டைமிங்'. இந்த விதி வேண்டாம்ங்கிறது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

முதல்ல விதி எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். 'பீட்டன் த டார்க் கிளவுன்'னு ஒரு கார்டு. அது கிரேவ்யார்டுக்குப் போகும்போது, நீங்க விரும்பினா அதை ஆட்டத்தை விட்டே விலக்கிட்டு, கையிலிருந்தோ டெக்கிலிருந்தோ இன்னொரு பீட்டனைக் கொண்டு வரலாம். சண்டையில செத்தா பிரச்சினை இல்ல, அடுத்த பீட்டன் வந்துடும். ஆனா ஒரு பெரிய மான்ஸ்டரைக் கொண்டு வர பீட்டனை ட்ரிப்யூட் கொடுத்தீங்கன்னா? பீட்டன் கிரேவ்யார்டுக்குப் போகும், அப்புறம் பெரிய மான்ஸ்டர் களத்துக்கு வரும். கடைசியா நடந்தது மான்ஸ்டர் வந்தது. பீட்டனோட வாய்ப்பு போச்சு.

அதே இடத்துல 'சங்கன்' கார்டை ட்ரிப்யூட் கொடுங்க. களத்திலிருந்து கிரேவ்யார்டுக்குப் போனால், டெக்கிலிருந்து ஒரு சின்ன மான்ஸ்டரைக் கையில எடுத்தே ஆகணும்னு அதுல இருக்கு. இது கட்டாயம், அதனால தவறவே தவறாது. ரெண்டு கார்டும் ஒரே மாதிரிதான் கிரேவ்யார்டுக்குப் போகுது. ஒண்ணுக்கு உண்டு, ஒண்ணுக்கு இல்ல.

ஆக, விதி கடிக்கிறது ஒரே ஒரு கூட்டணியில. ஆங்கிலக் கார்டுல 'வென்'னும் இருக்கணும், 'யூ கேன்'னும் இருக்கணும். 'இஃப்'னு இருந்தா தப்பிச்சீங்க. கட்டாய விளைவா இருந்தாலும் தப்பிச்சீங்க. ஜப்பானிய மூலத்திலும் இதே பிரிவு உண்டு. அங்க 'தொகி'ங்கிற வார்த்தை நேரத்தைக் குறிக்கும், 'பாஅய்'ங்கிற வார்த்தை நிலைமையைக் குறிக்கும்.

மைக்ரோபிராசஸர் பேப்பர் எழுதினவங்களுக்கு இதை இன்னும் சுலபமா சொல்லலாம். 8085-ல ஆர்எஸ்டி 7.5 எட்ஜ் ட்ரிகர்டு. ஒரு சின்ன பல்ஸ் வந்தா போதும், உள்ளே இருக்கிற ஃபிளிப்-ஃபிளாப் அதை ஞாபகம் வெச்சுக்கும். பிராசஸர் கையில இருக்கிற இன்ஸ்ட்ரக்ஷனை முடிச்சிட்டு வந்து கவனிக்கும். ஆர்எஸ்டி 6.5 அப்படி இல்ல. பிராசஸர் திரும்பிப் பார்க்கிற நேரத்துல சிக்னல் உயர்ந்தே இருக்கணும். இறங்கிடுச்சுன்னா, வந்ததுக்கு அடையாளமே இல்ல. சங்கன் 7.5. பீட்டன் 6.5.

இன்னொரு பெரிய கார்டு கேம் இதை எப்படிச் செய்யுதுன்னு பாருங்க. 1993-ல வந்த மேஜிக் த கேதரிங்ல, ஒரு ட்ரிகர் தூண்டப்பட்டா தூண்டப்பட்டதுதான். அந்த நிமிஷம் வேற வேலை ஓடிட்டிருந்தா காத்திருக்கும். அடுத்து யாருக்காவது செயல்படற உரிமை வரும்போது ஸ்டாக்ல ஏறும். ரெண்டு பேரோட ட்ரிகரும் ஒரே நேரத்துல வந்தா, யாரோட டர்னோ அவங்களோடது முதல்ல ஏறும், மற்றவரோடது அதுக்கு மேல. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்ல படிச்ச அதே ஸ்டாக்தான். கடைசியா ஏறினது முதல்ல நடக்கும். வரிசை மாறலாம். ஆனா நடந்த ஒரு சம்பவம், அதுக்கப்புறம் இன்னொண்ணு நடந்துச்சுங்கிற காரணத்துக்காக மட்டும் காணாமப் போகாது.

நான் சொல்ல வர்றது இதுதான். டைமிங் விதி வரிசையைத் தீர்மானிக்கலாம். நடந்ததை நடக்கலைன்னு ஆக்கக்கூடாது. வரிசையை யோசிச்சு ஆடறது திறமை. வார்த்தைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற பள்ளத்துல ஆளை விழ வெக்கிறது திறமை இல்ல.

மறுபக்க வாதத்தையும் கேட்போம். 'எதிராளியோட கார்டு டைமிங்கைத் தவறவிடற மாதிரி செயினைக் கட்டறதே ஒரு கலை மச்சான்'னு சொல்வாங்க. உண்மைதான். அதுக்குக் கணக்குப் போடத் தெரியணும். ஆனா அந்தக் கலை ரெண்டு பேருக்கும் விதி தெரிஞ்சாத்தான் கலை. ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சா அது வெறும் தகவல் வித்தியாசம். 'இந்த விதியை எடுத்துட்டா சில பழைய கார்டுகள் ரொம்ப பலமாயிடும்'னும் சொல்வாங்க. ஆகலாம். அதுக்குத்தான் கொனாமிகிட்ட தடைப் பட்டியல் இருக்கு. '2011-லேயே கார்டு வாசகங்களை ஒழுங்குபடுத்திட்டாங்களே'ன்னு மூணாவதா ஒண்ணு வரும். ஒழுங்குபடுத்தினாங்க, நல்ல வேலை. எது நிபந்தனை, எது விலை, எது விளைவுன்னு முக்காற்புள்ளி, அரைப்புள்ளியைப் பார்த்தே சொல்லிடலாம். ஆனா 'வென்'னா வாய்ப்பு தவறிப்போகும்ங்கிற தகவல் இன்னும் கார்டுல இல்ல. அது வெளியில இருக்கு.

விதியால வர்ற நஷ்டம் யாருக்கு? நாலு வருஷமா ஆடற சீனியருக்கு இல்ல. போன வாரம் டெக் கட்டின ஃபர்ஸ்ட் இயர் பையனுக்கு. அவன் கார்டைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான், அவன் படிச்சது சரிதான், ஆனா தோத்துட்டான். மொபைல்ல மாஸ்டர் டூயல் ஆடினா இன்னும் மோசம். 'பயன்படுத்தவா?'ன்னு கேட்கிற பட்டனே வராது. காரணமும் சொல்லாது. அவன் பக்-னு நினைச்சுட்டுப் போயிடுவான். அடுத்த தடவை டேபிளுக்குக் கூப்பிட்டா வரமாட்டான். நாலு பேர் வராம போனா நம்மகூட ஆட ஆளே இருக்காது.

இங்க ஒண்ணைப் பிரிச்சுப் பார்க்கணும். மேஜிக் போட்டிகள்ல, உங்க ட்ரிகரை நீங்களேதான் ஞாபகம் வெச்சுக்கணும். எதிராளி நினைவுபடுத்த வேண்டிய கட்டாயம் இல்ல. அது எனக்கு நியாயமாத்தான் படுது. அங்க மறந்தது ஆடற ஆள். பீட்டன் விஷயத்துல ஆள் மறக்கல, விதி மறந்துடுச்சு.

கொனாமியை நம்மால மாத்த முடியாது. ஆனா நம்ம ஹாஸ்டல் டேபிள் நம்ம கையிலதான் இருக்கு. போட்டின்னா அதிகாரப்பூர்வ விதிப்படியே ஆடுங்க, அதுல சமரசம் வேண்டாம். சும்மா ஆடும்போது ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணிக்கோங்க: 'இன்னிக்கு எல்லா வென்னும் இஃப் தான்.' அதுக்கு மனசு வரலைன்னா, குறைஞ்சபட்சம் இதையாவது செய்யுங்க. எதிர்ல இருக்கிற ஜூனியர் பீட்டனை ட்ரிப்யூட்டுக்கு எடுக்கும்போது, "தம்பி, இப்படி வெச்சா அது வேலை செய்யாது, தெரியும்ல?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அதுக்கப்புறமும் அவன் வெச்சான்னா, தாராளமா ஜெயிங்க.