ஆறாம் மாதக் குழந்தை: சட்டம் உண்டு, சோறு எட்டவில்லை

புது தில்லி: நாடாளுமன்றக் கூட்டத் தொடர்களில் ஊட்டச்சத்துக் குறைபாடு குறித்த வினாக்களுக்குப் பஞ்சமிருப்பதில்லை. மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் அளிக்கும் பதில்களும் பெரும்பாலும் ஒரே வடிவில் அமைகின்றன. அங்கன்வாடிகளின் எண்ணிக்கை, ஒதுக்கிய நிதி, எடை பார்க்கப்பட்ட குழந்தைகள் என மாநில வாரியாகப் பட்டியல்கள் அவையில் வைக்கப்படுகின்றன.

அந்தப் பட்டியல்களில் அரிதாகவே தலைகாட்டும் கேள்வி ஒன்று உண்டு. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு முதல் கவளம் உரிய காலத்தில் கிடைத்ததா என்பதே அது.

இந்தக் கேள்விக்கு விடை அரசிடமே இருக்கிறது. அது மகிழ்ச்சி தருவதாக இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 6 முதல் 8 மாதம் வரையுள்ள குழந்தைகளில் தாய்ப்பாலுடன் திட அல்லது அரைத்திட உணவும் பெற்றவர்கள் 2005-06-ல் சுமார் 53 சதவீதம். 2015-16-ல் இது 42.7 சதவீதமாகச் சரிந்தது. 2019-21-ல் சற்றே உயர்ந்து 45.9 சதவீதமானது. அதாவது, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் பழைய நிலையைக்கூட எட்ட முடியவில்லை.

இதே காலத்தில், முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகளின் விகிதம் 46.4 சதவீதத்திலிருந்து 63.7 சதவீதமாக உயர்ந்தது. மருத்துவமனைப் பிரசவங்கள் 38.7 சதவீதத்திலிருந்து 88.6 சதவீதமாகப் பெருகின. தாய்ப்பாலில் முன்னேற முடிந்த நாடு, அதற்கு அடுத்த படியில் ஏன் தடுமாறுகிறது?

ஏன் அந்த மாதம்?

பிறக்கும்போது குழந்தையின் உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்புச்சத்து ஆறு மாத அளவில் குறையத் தொடங்குகிறது. அதன் பின் தாய்ப்பால் மட்டும் போதுவதில்லை. 6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி தேவை என்றும், 9 முதல் 11 மாதத்தில் இது 300, ஓராண்டுக்குப் பின் 550 என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. தாய்ப்பாலை இரண்டு வயது வரையோ, அதற்கு மேலுமோ தொடர வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை.

இந்தக் கணக்கில் வயிற்றின் அளவும் முக்கியம். குழந்தையின் வயிறு எடை கிலோ ஒன்றுக்குச் சுமார் 30 மில்லி கொள்ளும். ஏழு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு டம்ளருக்குள் நிறைந்துவிடும். வட மாநிலங்களில் வழக்கமாகக் கொடுக்கப்படும் பருப்புத் தண்ணீரோ, கஞ்சித் தெளிவோ அந்த வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில் மசித்த சோறும் பருப்பும், அதில் சில துளி எண்ணெய் அல்லது நெய்யும் வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

2019-21 ஆய்வின்படி 5 வயதுக்கு உட்பட்டோரில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். இந்தக் குறைபாட்டின் பெரும்பகுதி இரண்டு வயது முடிவதற்குள் ஏற்பட்டுவிடுகிறது. பின்னர் பள்ளியில் எவ்வளவு சத்துணவு அளித்தாலும் அந்த இழப்பை முழுமையாக ஈடுகட்டுவது கடினம். 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதிய அளவிலும் வகையிலும் உணவு பெற்றவர்கள் 11.3 சதவீதத்தினரே என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அட்டவணையில் இல்லாத மாதம்

முதல் சோறு ஊட்டும் நாளின் அருமையை நம் குடும்பங்கள் அறியாதவை அல்ல. வங்காளத்தில் அன்னப்பிராசனம், கேரளத்தில் சோறூண் என அது விழாவாகவே நடக்கிறது. மத்திய அரசும் 2018 மார்ச் 8-ல் ராஜஸ்தானின் ஜுன்ஜுனூவில் போஷண் அபியானைத் தொடங்கிய பின், அங்கன்வாடிகளில் அன்னப்பிராசன நாள் நடத்தும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு நாள் விழாவால் அடுத்த பதினெட்டு மாத உணவு உறுதியாகிவிடாது.

அரசின் அலுவல் நாள்காட்டியைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். குழந்தை பிறந்ததும் ஆஷா பணியாளர் 42-வது நாள் வரை வீடு தேடி வருகிறார். தடுப்பூசிக்காகத் தாய் 6, 10, 14-வது வாரங்களில் குழந்தையைத் தூக்கிச் செல்கிறார். அதன் பின் அட்டவணையில் வருவது ஒன்பதாவது மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசிதான். இடையில் உள்ள ஆறாவது மாதத்தில் ஊசி இல்லை. எனவே தாயும் சுகாதார ஊழியரும் சந்திக்க வழக்கமான வாய்ப்பும் இல்லை.

பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டமும் அந்த மாதத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது. முதல் குழந்தைக்கு அளிக்கப்படும் 5,000 ரூபாயின் கடைசித் தவணை, பிறப்புப் பதிவுடனும் 14 வாரம் வரையிலான ஊசிகளுடனும் இணைக்கப்பட்டுள்ளது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 கூறிய தொகை குறைந்தது 6,000 ரூபாய் என்பது வேறு கதை.

பிரசவத்துக்கு மருத்துவமனை என்ற இடமும், அங்கே தாய்ப்பால் பற்றி எடுத்துச் சொல்லச் செவிலியரும் இருக்கின்றனர். தாய்ப்பாலில் ஏற்பட்ட முன்னேற்றத்துக்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கக்கூடும். ஆறாவது மாதத்துக்கு அப்படி ஓர் இடமும் இல்லை. பொறுப்பான ஆளும் இல்லை.

இந்தக் குறையை உணர்ந்தே 2018-ல் இளங்குழந்தைகளுக்கான வீட்டுவழிப் பராமரிப்புத் திட்டம் வந்தது. 3, 6, 9, 12, 15-வது மாதங்களில் ஆஷா பணியாளர் வீட்டுக்குச் சென்று உணவு குறித்தும் வளர்ச்சி குறித்தும் பார்க்க வேண்டும். நோக்கம் மிகச் சரியானது. ஆனால் அப்போது அறிவிக்கப்பட்ட ஊக்கத்தொகை வருகை ஒன்றுக்கு 50 ரூபாய். பிரசவம், தடுப்பூசி, காசநோய், கணக்கெடுப்பு எனப் பல பணிகளைச் சுமக்கும் ஒருவரிடம் இதையும் சேர்த்து ஒப்படைத்தால், முதலில் விடுபடுவது எதுவாக இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

விடுப்பு முடியும் நாள்

2017-ல் நாடாளுமன்றம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இதே அளவு தொடர்கிறது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க இது உதவும். ஆனால் பிரசவத்துக்கு முன் ஒரு நாளும் விடுப்பு எடுக்காத பெண்ணுக்கும், குழந்தைக்கு முதல் சோறு ஊட்ட வேண்டிய அதே வாரத்தில் விடுப்பு முடிந்துவிடுகிறது. முன்கூட்டியே எட்டு வாரம் எடுத்தவருக்கு நான்கு மாதத்தைத் தாண்டியதுமே முடிந்துவிடும்.

இதுவும் அமைப்பு சார்ந்த வேலையில் இருப்போருக்குத்தான். வயலிலும் செங்கல் சூளையிலும் கட்டுமான இடங்களிலும் உழைக்கும் பெண்களுக்கு 26 வாரம் என்பது ஏட்டுச் சுரைக்காயே. அவர்களின் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்வது பாட்டியோ, சில வயதே மூத்த அக்காவோதான். ஆறு மாதக் குழந்தைக்கு நாளில் இரண்டு, மூன்று முறை பொறுமையாக அமர்ந்து ஊட்ட வேண்டும். அதற்கு அரிசி, பருப்பு மட்டும் போதாது; ஆளும் நேரமும் வேண்டும். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்குக் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்கிறது சட்டம். அதற்குக் கீழே உள்ள கோடிக்கணக்கான பெண்களுக்கு அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகங்களே வழி. அவை இன்னும் தேவைக்கு மிகக் குறைவாகவே உள்ளன.

பொட்டலமும் எட்டு ரூபாயும்

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை அங்கன்வாடி மூலம் வயதுக்கேற்ற இலவச உணவு பெறுவது 2013 சட்டத்தின்படி உரிமை. மூன்று வயதுக்குக் குறைந்தோருக்கு இது வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பொட்டலமாகவே வழங்கப்படுகிறது. அந்தப் பொட்டலம் குழந்தைக்கு மட்டுமே போகிறதா, குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொள்கிறதா என்பதைப் பார்க்க யாரும் இல்லை.

குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கான செலவு வரம்பு 2017-ல் 6 ரூபாயிலிருந்து 8 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2021-ல் திட்டம் போஷண் 2.0 எனப் பெயர் மாறியபோதும் அந்த எட்டு ரூபாய் மாறவில்லை. பல ஊர்களில் ஒரு முட்டையின் விலைக்கே அது சரியாகிவிடும். தனியார் ஒப்பந்ததாரர்களைப் பயன்படுத்தக் கூடாது என்று 2004 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்களும், ஒடிசாவில் சுயஉதவிக் குழுக்களும் சத்துமாவு தயாரித்து, அது நடக்கக்கூடியதே என்று காட்டியுள்ளனர்.

முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றைக் குழந்தைகள் நாள்தோறும் பெற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் 2015-ல் மத்தியப் பிரதேச அரசு அங்கன்வாடியில் முட்டை தரும் யோசனையை ஏற்க மறுத்தது. உண்ணும் வழக்கமுள்ள வீட்டுக் குழந்தைக்கும் முட்டை கிடைக்காமல் போனதுதான் அதன் விளைவு.

சட்டம் வென்ற இடம்

ஒரு முனையில் நாடாளுமன்றம் உறுதியாகவே நடந்துகொண்டது. குழந்தை உணவு விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1992-ல் நிறைவேறியது. 2003 திருத்தம், துணை உணவு தொடங்கும் வயதை நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதமாக மாற்றியது. இரண்டு வயது வரையிலான உணவுகளின் விளம்பரத்துக்கும் இலவச மாதிரிக்கும் தடை விதித்தது.

ஆனால் டப்பாவுக்குள் இருப்பது பற்றிய கேள்வி எஞ்சி நின்றது. நெஸ்லே நிறுவனத்தின் செரிலாக் இந்தியாவில் சர்க்கரை சேர்த்து விற்கப்படுவதாகவும், சுவிட்சர்லாந்தில் அவ்வாறு இல்லை என்றும் 2024 ஏப்ரலில் ‘பப்ளிக் ஐ’ என்ற சுவிஸ் அமைப்பு அறிக்கை வெளியிட்டது. ஐந்தாண்டுகளில் சர்க்கரையை 30 சதவீதம் வரை குறைத்துவிட்டதாக நிறுவனம் பதிலளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் சுத்திகரித்த சர்க்கரை இல்லாத வகைகளையும் அறிவித்தது. நம் விதிமுறையே குறிப்பிட்ட அளவு சர்க்கரையை அனுமதிக்கிறது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது. நிறுவனத்தைக் கண்டிப்பதோடு விதியைத் திருத்துவதும் அரசின் வேலையே.

மறுப்பு மட்டும் போதுமா?

2024 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, 6 முதல் 23 மாத இந்தியக் குழந்தைகளில் 19.3 சதவீதத்தினர், அதாவது சுமார் 67 லட்சம் பேர், முந்தைய 24 மணி நேரத்தில் தாய்ப்பாலைத் தவிர வேறு பாலோ உணவோ எதுவும் பெறவில்லை என்றது. அமைச்சகம் இதைக் கடுமையாக மறுத்தது. இந்தக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் தாய்ப்பால் பெற்றவர்கள் என்பதை ஆய்வு மறைக்கிறது என்பது அதன் முக்கிய வாதம்.

வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ‘உணவே இல்லாத குழந்தைகள்’ என்ற பெயர் பட்டினியையே நினைவூட்டுகிறது. ஆனால் ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பால் மட்டும் போதாது என்பது அரசின் சொந்தக் கொள்கை. ஆய்வுக்குப் பயன்பட்டதும் அரசின் குடும்ப நல ஆய்வுத் தரவுதான். எனவே தாய்ப்பால் கிடைத்தது என்ற பதில், சோறு கிடைத்ததா என்ற கேள்விக்கு விடையாகாது.

நான்கு மேசைகள்

இதில் உண்மையான சிக்கல் பொறுப்பு சிதறிக் கிடப்பதே. உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவு அமைச்சகத்திடம். அங்கன்வாடி மகளிர், குழந்தைகள் அமைச்சகத்திடம். ஆஷாவும் ஊசியும் உணவுத் தர நிர்ணயமும் சுகாதார அமைச்சகத்திடம். விடுப்பும் நிறுவனக் காப்பகமும் தொழிலாளர் அமைச்சகத்திடம். நான்கு மேசைகளுக்கு இடையே ஆறு மாதக் குழந்தையின் கோப்பு யாருடையதும் அல்லாமல் கிடக்கிறது.

குறிப்பிட்ட வயதைக் குறிவைத்தால் பணியை ஒழுங்குபடுத்த முடியும் என்பதற்குத் தமிழகத்திலேயே முன்னுதாரணம் உண்டு. 1980-ல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதக் குழந்தைகளையே இலக்காகக் கொண்டது. மாதந்தோறும் எடை பார்த்து, வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைக்குச் சத்து உருண்டை கொடுத்து, தாய்க்கும் ஆலோசனை வழங்கியது.

இன்று தேவைப்படுவது புதிய சட்டமல்ல. ஆறாவது மாத வருகையைத் தடுப்பூசி போலத் தவிர்க்க முடியாத தேதியாக்குவது, எட்டு ரூபாயை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துவது, காப்பகங்களைப் பெருக்குவது ஆகிய மூன்றுமே இருக்கும் திட்டங்களுக்குள் செய்யக்கூடியவை. அவற்றுக்கு முன், முதல் கவளம் உரிய காலத்தில் பெற்ற குழந்தைகள் எத்தனை பேர் என்பதை மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் அவையில் வைக்குமாறு உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

நாட்டில் ஆண்டுக்கு 2 கோடிக்கும் அதிகமான குழந்தைகள் ஆறாவது மாதத்தைக் கடக்கின்றனர். கூட்டத் தொடரை ஒத்திவைக்கலாம். அந்த மாதத்தை ஒத்திவைக்க இயலாது.