யாரைக் கேட்டு வெச்சீங்க?

வடசென்னைப் பெண்ணின் வயிற்று வலிக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கேஸ் என்பார்கள். அல்சர் என்பார்கள். நம் தோழர்கள் என்றால் எண்ணூர் சாம்பல், மணலிப் புகை, 2023 டிசம்பரில் கொசஸ்தலையாற்றில் பரவிய எண்ணெய் என்று பட்டியல் போடுவார்கள். அந்தக் கேடுகள் எல்லாம் மெய்தான். ஆனால், "உள்ள காப்பர் டி வெச்சிருக்காங்களா?" என்று அவளை ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டாலும் பலருக்குப் பதில் தெரியாது. வைத்தவர்கள் சொன்னால்தானே தெரியும்?

திருவொற்றியூரிலும் காசிமேட்டிலும் பெண்களோடு வேலை செய்கிறவள் நான். மீன் கூடை சுமக்கும் ஒரு அக்கா சொன்னது: "ஆபரேஷன் பண்ணி புள்ளய எடுத்தாங்க. ரெண்டு வருசமா அடிவவுறு நோவுது, தூரம் வந்தா நிக்க மாட்டேங்குது. மாத்திர மாத்திரயா முழுங்குனேன். அப்பால வெளிய காசு குட்த்து ஸ்கேன் எடுத்தா, உள்ள காப்பர் டி கீதுன்றாங்க. என்னிய யாரும்மா கேட்டாங்க?"

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. ஒரு கட்டடத்தைத் திட்டிவிட்டு மற்றதையெல்லாம் தப்பவிட எனக்கு மனசில்லை.

காப்பர் டியே விஷம் என்று நான் சொல்லவில்லை. கேட்டு வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் நிம்மதியாக இருக்கும் பெண்கள் எங்கள் தெருவிலும் உண்டு. ஆனால் அது உடம்புக்குள் வைக்கிற சாமான். உதிரப்போக்கைக் கூட்டும், அடிவயிற்றைப் பிசையும். தானாக நழுவி விழுந்துவிடவும் செய்யும். வைத்த முதல் சில வாரங்களில் கிருமித் தொற்றுக்கு வாய்ப்புக் கூடுதல். அபூர்வமாகக் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துக் குடல் பக்கம் போய்விடும். அது இருக்கும்போதே கரு தரித்தால், கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். குழாய் வெடித்தால் உயிர் போகும். பிரசவத்தோடு வைத்ததில், சிசேரியனில் வைத்ததில் குறிப்பாக, நூல் கீழே தெரியாமலே போவதுண்டு. உள்ளே இருப்பது தெரிந்தவள் வலி வந்தால் ஓடிப்போய்க் காட்டுவாள். தெரியாதவள் சோடா குடித்துவிட்டு மறுபடி கூடையைத் தூக்குவாள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அந்த உடம்பிலிருந்துதான் இன்னும் ரத்தம் போகிறது.

"வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டாரே" என்கிறார்கள். எதற்குப் போட்டார்? ஆபரேஷனுக்கு. ஒன்றுக்குக் கொடுத்த சம்மதத்தை வைத்துக்கொண்டு, உயிருக்கு ஆபத்தில்லாத நேரத்தில் இன்னொன்றைச் செய்யக் கூடாது என்று 2008ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கர்ப்ப காலத்திலேயே பேசி முடிவைக் கேளுங்கள் என்று ஒன்றிய அரசின் வழிகாட்டுதலும் சொல்கிறது. இடுப்பு வலியில் கத்துகிறவள் தலையாட்டினால் அது சம்மதமா?

1965ல் லூப் வந்தது. உதிரப்போக்கு, வலி என்று பெண்கள் சொன்னதைக் காதில் வாங்காமல் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். 1996ல் இலக்கைக் கைவிட்டோம் என்றார்கள். பிறகு, பிரசவத்தோடு காப்பர் டி வைத்தால் வைப்பவருக்கு 150 ரூபாய் என்று ஊக்கத்தொகை வந்தது. பேர் போச்சு, வேலை போகவில்லை. அமெரிக்காவில் டால்கன் ஷீல்டு என்ற கருத்தடைச் சாதனம் பெண்களைக் கெடுத்தது. 1974ல் அங்கே விற்பனை நின்றது. பெண்கள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட, 1985ல் கம்பெனி திவால் மனு கொடுத்தது. அந்த வலி கோர்ட்டு வரை போனது. நம்முடையது ஓ.பி. சீட்டைத் தாண்டவில்லை.

ஏன் தாண்டவில்லை? பணம் கட்டுகிறவளுக்கு நாற்காலி போட்டு, "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க மேடம்?" என்று கேட்கிறார்கள். சேரியிலிருந்தும் குப்பத்திலிருந்தும் வந்தவளுக்கு, "உனக்கெல்லாம் இன்னும் எத்தனை வேணும்?" பிரசவ வார்டில் சாதி தன் பேரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒருமையில் வருகிறது.

கருத்தடையை நமக்கு அரசாங்கம் சொல்லித்தரவில்லை. 1938 நவம்பரில் பம்பாய் சட்டசபையில் அண்ணல் அம்பேத்கர் தயாரித்த கருத்தடைத் தீர்மானத்தை அவர் கட்சி உறுப்பினர் ரோஹம் கொண்டுவந்தார். பெற வேண்டாம் என்று நினைக்கிற பெண்ணுக்குத் தடுத்துக்கொள்ளும் வழி இருக்க வேண்டும், முடிவு அவளுடையது என்பது அதன் சாரம். சபை தோற்கடித்தது. பெரியாரும் நாட்டு ஜனத்தொகைக்காகக் கேட்கவில்லை, பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டார். இன்றைய ஆட்சிகள் கருவியை எடுத்துக்கொண்டு விடுதலையைக் குப்பையில் போட்டன.

இயக்கத்து ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இந்த மாநிலத்தில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. சாம்பலுக்கும் அமோனியாவுக்கும் சாலை மறித்தீர்கள், நாங்களும் கூட நின்றோம். கர்ப்பப்பையை மட்டும் 'பொம்பளைங்க சமாச்சாரம்' என்று எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

கேட்பது இவ்வளவுதான். காப்பர் டிக்குத் தனிச் சம்மதம், தமிழில், அவள் கையெழுத்தில், வலி வருமுன்னே. என்ன வகை, எந்தத் தேதியில் வைத்தது, எத்தனை வருஷத்துக்கு என்று எழுதிய சீட்டு அவள் கையில். வயிற்று வலி என்று வருகிற ஒவ்வொருத்தியிடமும் முதலில் அந்தக் கேள்வி. எடுக்கச் சொன்னால், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்று விரட்டாமல் எடுத்துவிட வேண்டும்.