கண்மாயின் வாயை அடைக்கும் அழகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வானம் பார்த்த சிவகங்கைச் சீமையில், எங்கள் ஊர்க் கண்மாயை அழகுபடுத்துவதென்று முடிவாகி, அதைச் சுற்றி நடைபாதையும் இரும்புக் கிராதியும் அலங்கார விளக்குகளும் அமைக்கும் வேலை மும்முரமாக நடந்து வருகிறது. ஜனங்கள் மாலையில் காலாற நடப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதில் எனக்கு யாதொரு ஆக்ஷேபமும் இல்லை. ஆனால், அந்த நடைபாதையைக் கண்மாயின் நாற்புறமும் வளைத்துப் போடுவதென்ற தீர்மானம் கண்மாய்க்கே நாசமாக முடியும் என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவித்துக்கொள்வது என் கடமை என்று கருதுகிறேன்.

கண்மாய் என்பது நான்கு பக்கமும் சுவர் எழுப்பிக் கட்டிய தொட்டியன்று. நிலத்தின் வாட்டத்தை நன்கறிந்த நம் முன்னோர், பள்ளமான பக்கத்தில் மட்டும் வளைவாகக் கரை போட்டு, மேட்டுப் பக்கத்தைத் திறந்தே விட்டார்கள். வரத்துக்காலில் வரும் தண்ணீரும், மேட்டு நிலங்களில் பெய்து வழிந்தோடும் மழைநீரும் அவ்வழியாகவே உள்ளே புகுந்து, மடை வழியே வயலுக்குப் பாய்ந்து, மிஞ்சியது கலுங்கு தாண்டி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போய்ச் சேரும். இப்போது அந்த மேட்டுப் பக்கத்திலும் கான்கிரீட் சுவர் எழும்பிவிட்டது. வரத்துக்கால் வந்து சேரும் இடத்தில் இரண்டு சிமெண்டுக் குழாய்களைப் பதித்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றைக் கிழிந்த பாயும் பிளாஸ்டிக் பைகளும் இப்போதே அடைத்துக்கொண்டிருக்க, மற்றொன்றில் மழையில்லாத நாளிலும் இடைவிடாமல் ஓடுவது புதிய குடியிருப்புகளின் சாக்கடை. குடிக்கிறது கூழ், கொப்பளிக்கிறது பன்னீர் என்ற கதையாக அல்லவா இருக்கிறது இந்த அபிவிருத்தி!

நீர்நிலையை நிலமாகவே பார்த்துப் பழகிய நகரங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியாததன்று. மாம்பலத்து நீண்ட ஏரியின்மேல் தியாகராய நகரை எழுப்பிய சென்னை, 2015ஆம் வருஷம் வெள்ளத்தில் மிதந்தது; அதே சென்னை 2019ஆம் வருஷக் கோடையில் குடிநீருக்காகக் குடங்களுடன் வரிசையில் நின்றது. மழை மிகுந்தாலும் குறைந்தாலும் ஊரைக் காப்பது, தண்ணீர் வந்து தங்குவதற்கும் வழிந்து போவதற்கும் விட்டு வைத்த இடமே என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. பொதுப்பணித் துறை ஏரிகளை அளந்து, எல்லை குறித்து, ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007ஆம் வருஷம் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஊர் கூடிக் கண்மாயைப் பேணும் குடிமராமத்து முறைக்கு 2017ஆம் வருஷம் அரசாங்கமே புத்துயிர் அளித்தது. இத்தனையும் இருக்க, எங்கள் கண்மாயில் எந்த வழியாகத் தண்ணீர் வரும், எந்த மடையை எப்போது திறக்க வேண்டும் என்பதை அனுபவத்தில் அறிந்த நீர்க்கட்டியையோ ஆயக்கட்டு விவசாயிகளையோ ஒரு வார்த்தை கேட்காமலே திட்டம் தயாரானது எந்த நியாயத்தில் சேரும்? சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்பதை ஊராரின் அறிவையும் பொறுப்பையும் ஒதுக்கிவிட்டு ஒப்பந்தக்காரரால் கட்டித் தந்துவிட முடியாது.

ஆகவே, ஐப்பசி மழை தொடங்குமுன் மேட்டுப் பக்கத்துச் சுவரை அகற்ற வேண்டும்; வரத்துக்காலைத் தலைப்பிலிருந்து அளந்து தூர்வார வேண்டும்; சாக்கடையைச் சுத்திகரிக்காமல் கண்மாயில் விடுவதை நிறுத்த வேண்டும்; நடைபாதையை உறுதியான பழைய கரையின்மேல் மட்டும் அமைக்க வேண்டும். எஞ்சிய வேலைக்கான மதிப்பீட்டை ஊர்ப் பொதுக்கூட்டத்தில் வைத்து, ஆயக்கட்டுதாரர்களின் சம்மதம் பெற்ற பின்னரே ஒப்பந்தக்காரருக்கு அடுத்த தவணைப் பணத்தை வழங்க வேண்டும் என்று சம்பந்தப்பட்ட அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஆயக்கட்டு விவசாயி ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்.