பிரச்சினைக்குப் பாடப்பிரிவு கிடையாது

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் எல்லா வீடுகளிலும் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: "மகள் எந்தப் பிரிவு எடுக்கப் போறா?" உயிரியல் என்றால் கேட்டவரின் முகம் மலர்கிறது. வர்த்தகம் என்றால் "அதுவும் நல்லதுதான்" என்கிறார். கலை என்றால் சற்று மௌனம். அந்த மௌனத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் அக்கரப்பத்தனையைச் சேர்ந்தவள். எங்களைச் சுற்றியிருப்பவை தேயிலை மலைகள். அந்த மலைகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று விளங்குகிறது. மனிதரைத் தாக்கும் பிரச்சினை எதுவும் "நான் உயிரியல்", "நான் வர்த்தகம்" என்று பெயர் எழுதிக்கொண்டு வருவதில்லை.

இன்று தேயிலை நிற்கும் மலைகள் பலவற்றில் ஒருகாலத்தில் கோப்பி நின்றது. 1869இல் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. மழை கூடியதா, பசளை குறைந்ததா என்று தோட்டத்துரைமார் தர்க்கித்தார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு வந்து, கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்துப் பார்த்தார். காற்றில் பறந்துவந்த பங்கசு வித்திகள் அவற்றில் ஒட்டிக்கொண்டன. நோயைப் பரப்புவது எது என்பது தெளிவானது. அவர் அத்துடன் நிற்கவில்லை. மலைக்கு மலை இடைவெளியில்லாமல் ஒரே பயிரை நட்டதுதான் நோய்க்குப் பாதை போட்டது என்றும் சொன்னார். நோய் தெரிந்தது இலையில். காரணத்தின் பெரும்பகுதி இருந்ததோ, இலாபத்தை மட்டும் பார்த்துப் போட்ட திட்டத்தில். ஆனால், முதல் இலை பழுத்துப் பதினொரு ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. கோப்பித் தொழிலைக் காப்பாற்ற முடியவில்லை. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது.

தேயிலைக்கும் இதேபோன்றதொரு பாடம் கிடைத்தது. இலைகளை ஒட்டிச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் டோட்ரிக்ஸ் புழுவை அடக்க, 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவரப்பட்டது. அது புழுவின் உடலில் முட்டையிடும். புழு அடங்கியது. 1950களின் பிற்பகுதியில், செடியின் கிளையைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். மருந்து வண்டோடு நிற்கவில்லை, குளவியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த புழு மீண்டும் பெருகியது. ஒரு பிரச்சினையை மட்டும் பார்த்துச் செய்த வைத்தியம் இன்னொன்றைக் கிளப்பிவிட்டது.

இவையெல்லாம் செடிகளின் கதைகள். மனிதரின் கதை இன்னும் வேதனையானது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர்தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது, வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. அந்த இடம் ஆபத்தானது என்பது முன்பே தெரிந்திருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

ஆகவே, விஞ்ஞானம் தன் பங்கைச் செய்திருந்தது. பின்னர் எது குறைந்தது? "இங்கிருந்து போங்கள்" என்று சொன்னால், "எங்கே போவது?" என்று கேட்பவருக்குப் பதில் வேண்டும். தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்பவருக்குச் சொந்தக் காணி இல்லை. வேலை, பிள்ளைகளின் பாடசாலை, கும்பிடும் கோயில் எல்லாம் அந்த மலையிலேயே இருக்கின்றன. காணிச் சட்டம் தெரிந்தவர், வீடமைப்புக்குப் பணம் ஒதுக்குபவர், மக்களின் மொழியில் அவர்களோடு உட்கார்ந்து பேசக்கூடியவர் ஆகிய எல்லோரும் புவியியலாளரின் அறிக்கைக்குப் பின்னால் வந்திருக்க வேண்டும். பிரச்சினையைக் கண்டுபிடிப்பது ஒரு துறையால் முடியலாம். தீர்ப்பதற்குப் பல துறைகள் வேண்டும்.

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மை. எல்லாவற்றையும் அரைகுறையாகப் படிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. வார்ட் பங்கசுவை ஆழமாகப் படித்திராவிட்டால் அந்தக் கண்ணாடித் தகட்டில் எதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஒரு துறையை ஆழமாகக் கற்க வேண்டும். அதேவேளை அடுத்த துறையில் இருப்பவரின் வாசலையும் தட்ட வேண்டும். நம் வீடுகளில் ஒரு நல்ல காரியம் தொடங்குமுன் பெரியவர்கள் மஷூரா செய்கிறார்கள். கல்யாணத்துக்குச் செய்யும் அந்த ஆலோசனையைப் படிப்புக்கும் தொழிலுக்கும் ஏன் செய்யக்கூடாது?

பட்டம் பெறாதவர்களையும் அந்த ஆலோசனையில் சேர்க்க வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்துவரும் மரம், திடீரெனக் கலங்கிவரும் ஊற்று, இறுகி மூடமறுக்கும் கதவு ஆகியவை மண்சரிவின் அறிகுறிகள். இவற்றை முதலில் காணக்கூடியவர் கொழுந்து பறிக்கும் அக்காவும், ஊற்றில் தண்ணீர் பிடிக்கும் பாட்டியும்தான். அவர்களிடம் கேட்காத ஆய்வு பாதி ஆய்வே.

நமது கல்லூரியிலேயே இதைத் தொடங்கலாம் என்பது என் கருத்து. நுவரெலியாவும் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது எச்சரிக்கைக்கான அளவுகோல். மலைப்பகுதியிலிருந்து வரும் மாணவிகள் வீட்டு முற்றத்தில் ஒரு மழைமானி வைப்போம். அடி தட்டையான, நேரான போத்தலும் ஓர் அடிமட்டமும் போதும். விஞ்ஞானப் பிரிவினர் அளக்கும் முறையைச் சொல்லித்தரட்டும். கணிதப் பிரிவினர் வரைபு வரையட்டும். வர்த்தகப் பிரிவினர் செலவுக் கணக்குப் பார்க்கட்டும். புவியியல் படிப்பவர்கள் எந்தச் சரிவில் எத்தனை வீடுகள் என்று குறிக்கட்டும். தமிழ் படிப்பவர்கள், லயத்துப் பாட்டிக்கும் ஒரு தடவை கேட்டால் விளங்கும்படி அந்த எச்சரிக்கையை இரண்டு வரியில் எழுதட்டும். உத்தியோகபூர்வ அறிவித்தலுக்கு இது மாற்றீடு அல்ல. அந்த அறிவித்தல் வரும்போது அதை விளங்கிக்கொள்ளும் வீடுகள் கூடும், அவ்வளவுதான்.

இதில் கடினமான வேலை எது தெரியுமா? அந்த இரண்டு வரிதான். அளவு சரியாக இருந்தும் சொல் சென்று சேராவிட்டால் யாரும் வீட்டைவிட்டு வெளியேற மாட்டார்கள்.

ஆகவே அன்புப் பெற்றோரே, உங்கள் மகள் கலைப்பிரிவு என்று சொன்னால் மௌனமாகாதீர்கள். உயிரியல் என்று சொன்னால் அத்தோடு திருப்தியடைந்தும் விடாதீர்கள். எந்தப் பிரிவாக இருந்தாலும் இன்னொரு கேள்வியையும் அவளிடம் கேளுங்கள்: "அதைப் படித்து யாருடைய எந்தப் பிரச்சினையைத் தீர்க்கப் போகிறாய், யாரோடு சேர்ந்து?"