பாலாற்றில் படகு ஓடுமா?

ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ரெயிலில் போகிறவர்கள், ஜன்னல் வழியே பாலாற்றைப் பார்க்கலாம். பெயர்தான் ஆறு. ஆண்டின் பெரும் பகுதியில் அதில் தண்ணீர் ஓடாது. மணலும், முட்செடியும்தான் கண்ணில் படும்.

இந்த ஊர்களில் போய், "உங்கள் பிள்ளையைப் படகுப் போட்டிக்கு அனுப்புங்கள்" என்று சொன்னால் சிரிப்பார்கள். "குடிக்கவே நல்ல தண்ணீர் இல்லை. படகை எங்கே விடுவது?" என்று கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு விஷயம். படகுப் போட்டியில் இந்தியாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வீரர்களில் 2 பேர், வறண்ட பூமியில் பிறந்தவர்கள். அவர்கள் பிறந்த ஊரிலும் படகு விட ஆறு இல்லை.

அவர்களால் எப்படி முடிந்தது? அதுபோல் தோல் தொழிலாளியின் மகனும், ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் தாயின் மகளும் துடுப்பு பிடிக்க முடியுமா?

முடியும். ஆனால், 3 கதவுகள் திறக்க வேண்டும். ஒன்று, சங்கத்தில் சேர இடம். இரண்டு, பயிற்சி. மூன்று, தண்ணீர்.

முதுகு காட்டி ஜெயிப்பவர்கள்

முதலில் இது என்ன விளையாட்டு என்று பார்ப்போம்.

ஏலகிரி மலையில் புங்கனூர் ஏரி இருக்கிறது. குடும்பத்தோடு போகிறவர்கள் அங்கே படகில் சுற்றி வருவார்கள். அது உல்லாசப் பயணம். போட்டிப் படகு வேறு.

போட்டிப் படகு ஊசிபோல் ஒல்லியாக இருக்கும். ஒருவர் மட்டும் உட்காரும் படகின் நீளம் சுமார் 8 மீட்டர். எடையோ 14 கிலோதான்! 8 பேர் வலிக்கும் படகு, ஒரு பஸ்சைவிட நீளம். அதில் சுக்கான் பிடித்து வழி காட்ட ஒன்பதாவது ஆளும் இருப்பார்.

துடுப்பு வலிப்பவர்கள், போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். உட்காரும் பலகை சக்கரத்தின் மேல் முன்னும் பின்னும் ஓடும். கை மட்டும் வலித்தால் போதாது. காலால் உதைத்து, இடுப்பால் சாய்ந்து, பிறகு கையால் இழுக்க வேண்டும்.

இதுவரை ஒலிம்பிக்கில் வழக்கமான தூரம் 2 ஆயிரம் மீட்டர். நேர்கோட்டில் போக வேண்டும். சிறந்த வீரர்கள் தனி ஆளாகவே 7 நிமிடத்துக்குள் முடித்து விடுவார்கள்.

தோலுக்கும் இந்த விளையாட்டுக்கும் பழைய உறவு உண்டு. மரத் துடுப்பு இருந்த காலத்தில், துடுப்பின் கழுத்தில் தோல் பட்டை சுற்றுவார்கள். படகோடு உராய்ந்து மரம் தேயாமல் இருப்பதற்கு அந்தத் தோல்தான் காவல். இப்போது அந்த இடத்தை பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது.

"கூலிக்காரனுக்கு இடம் இல்லை"

துடுப்புக்குத் தோல் வேண்டும். ஆனால், தோல் பதனிட்டவனுக்குப் படகில் இடம் கிடையாது. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

இங்கிலாந்தில் ஹென்லி என்ற ஊரில் நடக்கும் படகுப் போட்டி உலகப் புகழ் பெற்றது. அது "அமெச்சூர்"களுக்கான போட்டி. அமெச்சூர் என்றால், பணத்துக்காக இல்லாமல் விளையாட்டின் மேல் உள்ள ஆசைக்காகவே விளையாடுகிறவர். 1879-ம் ஆண்டில் அந்தப் போட்டிக்காரர்கள் ஒரு விதி வகுத்தார்கள். கூலிக்கு வேலை செய்கிற தொழிலாளி, கைவினைஞர், மெக்கானிக் யாரும் அமெச்சூர் ஆக மாட்டார்கள் என்றது அந்த விதி. கையால் உழைப்பவனுக்கு உடல் பலம் அதிகம், அவனோடு மோதுவது சமமான போட்டி அல்ல என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரைச் சேர்ந்தவர் ஜான் கெல்லி. கொத்தனார் வேலை பார்த்தவர். 1920-ம் ஆண்டு ஹென்லி போட்டிக்கு அவர் மனு போட்டார். மனு நிராகரிக்கப்பட்டது. அவருடைய சங்கத்துக்கு ஏற்கனவே அங்கே தடை இருந்தது. அவர் கையால் உழைத்தவர் என்பதும் குறுக்கே நின்றது.

கெல்லி என்ன செய்தார்? அதே ஆண்டு ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். தனி ஆள் போட்டியில் இங்கிலாந்து வீரரைத் தோற்கடித்துத் தங்கப் பதக்கம் வென்றார். இரட்டையர் போட்டியிலும் தங்கம் பெற்றார். 1924-ம் ஆண்டில் இன்னொரு தங்கம்!

1937-ம் ஆண்டில் அந்த விதி நீக்கப்பட்டது. 1947-ல், கெல்லியின் மகன் அதே ஹென்லிக்குப் போய், தந்தைக்கு மறுக்கப்பட்ட போட்டியில் ஜெயித்தார். பிற்காலத்தில் பிரபல நடிகையான கிரேஸ் கெல்லி, இந்தக் கொத்தனாரின் மகள்தான்.

இப்போது தொழிலாளி சேரக்கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் பணம் என்ற பூட்டு இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டுக்குத் தாய்வீடு, சென்னை அடையாற்றங்கரையில் உள்ள மெட்ராஸ் போட் கிளப். 1867-ம் ஆண்டில் தொடங்கியது. கொழும்பு சங்கத்தோடு 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே போட்டி நடத்தத் தொடங்கியது. இத்தகைய சங்கங்கள் உறுப்பினர் கட்டணத்தில் நடப்பவை. படகு விலை அதிகம். அதை வைக்க நீண்ட கொட்டகை வேண்டும். பழுது பார்க்க ஆள் வேண்டும். ஆகவே, ஒரு தொழிலாளி குடும்பம் தனியாகப் படகு வாங்கிப் பிள்ளையைப் பழக்குவது நடக்காத காரியம். யாராவது பொதுவில் வாங்கித் தர வேண்டும்.

கிணறு வெட்டியவர்

அப்படி வாங்கித் தந்தது, நம் நாட்டில் பெரும்பாலும் ராணுவம்தான்.

பஜ்ரங் லால் தாக்கர், ராஜஸ்தான் மாநிலம் சிகார் மாவட்டத்தில் பிறந்தவர். பாலைவனத்தை ஒட்டிய பூமி. ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் படகுப் போட்டிக்கு வந்தார். 2010-ம் ஆண்டு சீனாவில் குவாங்சூ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், தனி ஆள் போட்டியில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் படகுப் போட்டியில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது.

தத்து பொக்கனல் கதை இன்னும் உருக்கமானது. மராட்டிய மாநிலம் நாசிக் மாவட்டத்தில் தண்ணீர்ப் பஞ்சம் உள்ள கிராமம் அவருடையது. தந்தையோடு கிணறு வெட்டும் வேலைக்குப் போனவர். 2012-ல் ராணுவத்தில் சேர்ந்தார். முதலில் தண்ணீரைக் கண்டாலே பயம். நான்கே ஆண்டுகளில், 2016-ம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் 13-வது இடம் பிடித்தார். 2018-ம் ஆண்டு ஆசிய விளையாட்டில், நால்வர் அணியில் இருந்து தங்கம் வென்றார்.

இருவருக்கும் கிடைத்தது என்ன? படகு, சாப்பாடு, பயிற்சியாளர், தினமும் இறங்கத் தண்ணீர். இந்த நான்கும் ஒரே இடத்தில் கிடைத்தன.

வேலூர் பக்கத்தில் ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் ஏராளம். பெங்களூரு அல்சூர் ஏரியில், "மெட்ராஸ் என்ஜினீயர் குரூப்" படைப் பிரிவினர் படகு வலித்துப் பழகுகிறார்கள். ஆம்பூரில் ரெயில் ஏறினால் சில மணி நேரத்தில் பெங்களூரு போய்விடலாம். ஆகவே இந்த விளையாட்டு எட்டாத தூரத்தில் இல்லை.

தண்ணீர் எங்கே போனது?

மூன்றாவது கதவுதான் கடினமானது.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் உற்பத்தியாகிறது. ஆந்திராவைக் கடந்து தமிழ்நாட்டுக்கு வருகிறது. மொத்த நீளம் 348 கிலோ மீட்டர். அதில் 222 கிலோ மீட்டர் தமிழ்நாட்டில் ஓடுகிறது. மேலே அணைகளும், தடுப்பணைகளும் வந்துவிட்டன. கீழே மணலை அள்ளிவிட்டார்கள். பெருமழை பெய்தால் மட்டும் ஆறு விழித்துக்கொள்ளும். 1903-ல் வாணியம்பாடியைச் சீரழித்த வெள்ளமும், 2021 நவம்பரில் வந்த வெள்ளமும் இதே ஆற்றில்தான்.

தண்ணீர் குறைந்தது ஒரு துன்பம். இருக்கிற தண்ணீர் கெட்டது இன்னொரு துன்பம்.

தோல் கெடாமல் இருக்க உப்பு போடுகிறார்கள். "தோல் ஷாப்"பில் அதை ஊறவைத்துக் கழுவும்போது உப்பு தண்ணீரோடு வெளியேறும். பதனிடுவதற்குச் சேர்க்கும் குரோமிய ரசாயனமும் சேர்ந்து வரும். ஒரு கிலோ தோல் தயாரிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பில் கூறப்பட்டுள்ளது.

அந்தத் தீர்ப்பு 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி வெளிவந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35 ஆயிரம் எக்டேர் விளைநிலம் முழுதாகவோ, பாதியாகவோ பாழானது என்ற கணக்கு கோர்ட்டில் சொல்லப்பட்டது. "மாசுபடுத்தியவரே நஷ்டஈடு கொடுக்க வேண்டும்" என்று நீதிபதிகள் கூறினார்கள். அதன் பிறகு பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் செயல்பட்டன. ஆனாலும் குறை தீரவில்லை. 2025-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் பாலாறு பற்றித் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கும்படி உத்தரவிட்டது.

தோல் தொழிலை மூடிவிட்டால் போதுமா? ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிவது அந்தத் தொழிலால்தான். ஆம்பூரில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போவதும் ஷூ கம்பெனிக்குத்தான். தொழிலும் வாழ வேண்டும், ஆறும் வாழ வேண்டும். ஊர் கேட்பது அதுதான்.

ஏரி போனால் போட்டியும் போகும்

ஜெய்ப்பூர் அருகே ராம்கர் ஏரி. 1982-ம் ஆண்டு ஆசிய விளையாட்டின் படகுப் போட்டி அங்கேதான் நடந்தது. பிறகு, ஏரிக்கு வரும் நீர்வழிகள் அடைபட்டன. ஏரி வறண்டது. ஆசியாவே கூடிய இடம் வெறும் தரையானது. பாலாற்றுக் கரைக்காரர்களுக்கு இது நல்ல பாடம்.

இந்த வட்டாரத்தில் வேறு நீர்நிலை இல்லையா? உண்டு. வேலூர் கோட்டை அகழியில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அது பாதுகாக்கப்பட்ட சின்னம். 2 ஆயிரம் மீட்டர் நேராகப் போகவும் இடம் இல்லை. ராணிப்பேட்டை மாவட்டத்தில் காவேரிப்பாக்கம் ஏரி இருக்கிறது. பல்லவர் காலத்து ஏரி. கரை மட்டும் சுமார் 8 கிலோ மீட்டர். நிரம்பிய ஆண்டில் அங்கே போட்டிக்கே இடம் கிடைக்கும். ஆனால் அதற்குத் தண்ணீர் வருவதும் பாலாற்று அணைக்கட்டில் இருந்துதான். அது விவசாயிகளின் ஏரி. அவர்கள் சம்மதமும், பாசனமும் முதலில். படகு பிறகுதான்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியது இல்லை. தரையில் உட்கார்ந்து துடுப்பு வலிப்பதுபோல் பயிற்சி செய்யும் எந்திரம் இருக்கிறது. உலக வீரர்களே அதில்தான் பழகுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு கூடம் போதும். நீச்சல் கற்றுக் கொடுக்க ஒரு குளம், ஒரு நல்ல பயிற்சியாளர். நான்கு எந்திரங்களைத் தோல் முதலாளிகள் வாங்கிக் கொடுத்தால், தொழிலாளிகளின் பிள்ளைகள் முறை வைத்துப் பழகலாம். நல்ல உயரமும், மூச்சுப் பலமும் உள்ளவர்களைச் சென்னைக்கோ, பெங்களூருக்கோ அனுப்பலாம்.

ஆனால், எந்திரம் ஆறு ஆகாது. ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடினால் கிணறு பிழைக்கும், வயல் பிழைக்கும், குடிநீர் கிடைக்கும். படகு அதற்கெல்லாம் கடைசியில்தான் வரும். ஒருநாள் காலையில் ஆம்பூர் பாலத்துக்குக் கீழே ஒரு பிள்ளை துடுப்பு வலித்துப் போனால், மற்ற எல்லாம் அதற்கு முன்பே வந்துவிட்டன என்று அர்த்தம்.

கொத்தனாரை வெளியே நிறுத்திய விதியை மாற்ற உலகத்துக்கு 58 ஆண்டுகள் பிடித்தன. பாலாற்றுத் தீர்ப்பு வந்தது 1996-ல். தோல் தொழிலாளியின் பிள்ளை இன்னும் கரையில்தான் நிற்கிறது!